உபரிச் சொல்

பாயான் லெப்பாஸ் ஆலையில்
என் சட்டைப் பையில் தைத்த பெயர் கியூசி த்ரீ.
நுண்ணோக்கிக்கு அடியில் சில்லுகள் வந்து நிற்கும்.
கீறல், குமிழ், வளைந்த கால்
எது இருந்தாலும் சிவப்புப் புள்ளி.
இல்லையென்றால்
ஒன்றும் செய்யாமல் கையை எடுத்துவிட வேண்டும்.
ஒரு ஷிப்டில் நாலாயிரம் முறை
ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன்.
சம்பளம் அதற்குத்தான்.

பதினொன்றரைக்கு ஆலைப் பேருந்து
சுங்கை டுவா முனையில் இறக்கிவிடுகிறது.
குளித்து, மீந்த மீ கோரெங்கைச் சூடாக்கி
பழைய வினாத்தாளை விரிக்கிறேன்.
சனிக்கிழமை பரீட்சை.
பனி பெய்யும் ஏதோ ஊரில்
தேனீ வளர்க்கும் ஒருவரைப் பற்றிப் பதினாறு வரி.
வரிக்கு ஒரு சொல் அதிகமாக இருக்கலாம்.
இருந்தால் ஓரத்தில் எழுது.
இல்லாவிட்டால் சரிக்குறி போடு.

மூன்றாம் வரியில் ஒரு 'தி'.
தமிழுக்குத் தேவைப்படாதது, மலாய்க்கும்தான்.
நாற்பத்தொரு வயதுவரை அது இல்லாமலே
வீட்டுக் கடன் வாங்கினேன்,
விவாகரத்தும் வாங்கினேன்.
இங்கே அது கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம்,
மாமியார் வீட்டுச் சாம்பாரில் உப்பு மாதிரி.

ஐந்தாம் வரியில்
'டெஸ்பைட்' பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓர் 'ஆஃப்',
பத்திரிகை வைக்காத கல்யாணத்தில்
முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது.
எழுப்பிவிட்டேன்.

எட்டாம் வரியின் கடைசியில் 'ஆல்ரெடி'.
இதை மட்டும் என் காது காட்டிக்கொடுக்கவே இல்லை.
சாப்பிட்டாச்சு, வந்தாச்சு, கட்டியாச்சு என்று
எனக்குள் தமிழில் முடிந்துபோன எல்லாவற்றுக்கும்
பினாங்கு ஆங்கிலம் வைத்த வால் அது.
கேன்டீனில் சுவீ லான் கேட்பாள்:
ஈட் ஆல்ரெடி?
நான் சொல்வேன்: ஆல்ரெடி.
அவளுக்கு அது ஹொக்கியன், எனக்குத் தமிழ்.
விடைப் பக்கம் அதை உபரி என்கிறது.
ஓரத்தில் எழுதினேன்,
பக்கத்து மேசைக்காரியைப் பற்றி
மேலிடத்தில் போட்டுக்கொடுத்தது போல.

பதினோராம் வரி.
மழை விடும்வரை அவர் வெளியே போயிருக்கவில்லை.
இரண்டு முறை வாசித்தேன், மூன்றாம் முறை விரல் வைத்து.
எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.
அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது.
'ஹேட்' என்பதை அடித்தேன்.
விடை: சரிக்குறி.

இதுவரை இருபத்திரண்டு தாள்.
பிழையைப் பார்க்காமல் விட்டது ஒன்பது.
பிழையில்லாத வரியை வெட்டியது ஐம்பத்து மூன்று.

ஆலையில் இதற்குப் பெயரே உண்டு.
நல்ல சில்லைக் கழிவுத் தட்டில் போட்டால் ஓவர்கில்.
மாதக் கூட்டத்தில் மிஸ்டர் தியோ பெயர்களை வாசிப்பார்.
ஆறு வருடத்தில் என் பெயரை வாசித்ததில்லை.

சில்லு என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை.
வங்கி கவுன்டர் பெண் பார்ப்பாள்.
நான் வாயைத் திறந்ததும்
அவள் புருவத்தில் எந்த இடத்தில் தப்பு என்று தேடுவேன்.
அவள் கண்ணாடியைச் சரிசெய்யத்தான்
புருவத்தை உயர்த்தினாள் என்று
வெளியே வந்து, ஹெல்மெட் மாட்டிய பிறகு தெரியும்.

லிஃப்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் நான்கு பிழை.
நேற்று பேனாவை எடுத்தேன்.
ஆறாம் மாடி வந்துவிட்டது.

பதினான்காம் வரி.
ஒரே வாசிப்பு. கையை எடு, என்றேன் எனக்கு.
துணிந்து ஒரு சரிக்குறி,
கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.
விடையைப் புரட்டினால்: 'டு'.
உபரியாய், பட்டப்பகலில், வரி நடுவில்.

சிரித்த சிரிப்பில்
கீழ்வீட்டு நாய் குரைத்தது.

கைப்பேசி மினுங்கியது. சுவீ லான்:
யூ ஸ்லீப் ஆல்ரெடி?
மூன்றே சொல். சிவப்புப் பேனா கையில்தான் இருந்தது.
விளக்கை அணைத்துவிட்டுப் பதில் அடித்தேன்:
ஆல்ரெடி.